சரக்கு மேடையில் காய்ந்த நெல்

1. முதல் மிதி

வேலையில் சேர்ந்த முதல் வாரமே என்னை ஸ்தல ஆய்வுக்கு அனுப்பினார்கள். திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சரக்கு மேடை. கறுப்புக் கோட்டும் கையில் கோப்புமாக ஜீப்பிலிருந்து இறங்கி மேடையேறி நான் வைத்த முதல் அடியே, காயப்போட்டிருந்த நெல்லின் மேல் விழுந்தது.

"வக்கீலம்மா, செருப்பக் கழட்டிட்டு மிதிங்க. சோறு ஆகப்போற நெல்லு."

சொன்னவர் ராசாத்தி. நாற்பது வயதிருக்கும். நானும் நடவுக்குப் போன தாய் பெற்ற மகள்தான். பி.எல். படித்த வேகத்தில் இது எனக்கு மறந்துபோயிருந்தது. வெட்கத்தோடு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கு ரயில் மட்டும் ஓடும் பாதைகளில் பயணிகள் ரயிலையும் விடுவதற்காக அரசு ஒரு கழகம் அமைத்திருந்தது. அதன் சட்டப் பிரிவில் எனக்கு வேலை. ஆட்சி மாறினால் எங்கள் கோப்பின் மேலட்டை மாறும், உள்ளே இருக்கும் தாள் மாறாது. இந்தப் பாதை ஒரு சரக்குக் கம்பெனியின் லீசில் இருந்தது. பகலில் பாதை காலியாக இருக்கும் நேரத்தில் பயணிகள் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று லீஸ் பத்திரத்தில் ஒரு ஷரத்து. காலி நேரமே கிடையாது, காலை முதல் மாலை வரை கூட்ஸ் ஓடுகிறது என்று கம்பெனி சாதித்தது. அதற்குக் கலர் கலராகக் கோடு போட்ட சார்ட் வேறு. விவகாரம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரிடம் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நடுவர் தீர்ப்புக்கு, போயிருந்தது. எங்களிடமோ மறுப்புக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மேடை முழுக்க நெல், தண்டவாளத்தின் மேல் வைக்கோல். கூட்ஸ் வராதா என்று கேட்டேன். காலையில் ஒன்று போய்விட்டது, இனி சாயங்காலம் மூன்று மணிக்கு மேல்தான், அதற்குள் வைக்கோலைச் சுருட்டிவிடுவோம் என்றார் ராசாத்தி. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. நெல்லின் மேல் நின்றதால் குதிக்கவில்லை.

2. மூன்று மா

எங்கள் சட்டப் பிரிவுத் தலைவர் தனபால் சார், எதற்கும் முதலில் பயந்துவிட்டுப் பிறகு யோசிப்பவர். விஷயத்தைச் சொன்னதும் பயந்தார்.

"ஏம்மா, தண்டவாளத்துல வைக்கோல் போட்டேன்னு அந்தம்மா சொன்னா அதுவே குத்தம். நம்ம சாட்சிய நாமளே ஜெயிலுக்கு அனுப்புறதா?"

அது இரண்டாவது கஷ்டம். முதல் கஷ்டம், ராசாத்தி சாட்சி சொல்லவே மறுத்தார். நில உச்சவரம்புச் சட்டப்படி ஊர் மிராசுதாரிடமிருந்து அரசு எடுத்த நிலத்தில் அவருக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், கிடைத்திருந்தது. நிலம் கைமாறிய கோபத்தில் மிராசுதார் நெல் காயவைக்கும் களத்தை முள் போட்டு அடைத்துவிட்டார். நிலம் கொடுத்த கவர்மெண்டிடமே களத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். குறுவை அறுப்போ மழையோடு வரும். ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். இரண்டு நாள் கிடந்தால் முளைத்துவிடும். ஊரில் அவரைப் போல நிலம் வாங்கிய அத்தனை பேருக்கும் அந்தச் சரக்கு மேடைதான் களம்.

"நான் சாட்சி சொன்னா ரயில் வரும். ரயில் வந்தா என் நெல்லு எங்க காயும்? அதையும் உங்க சட்டத்துல பாத்துச் சொல்லுங்க."

என் சட்டத்தில் அது இல்லை. வரப்போகிற மூன்று பெட்டி வண்டிக்கு எதற்கு இவ்வளவு நீள மேடை என்று அவரே வழியும் காட்டினார். அதன்படி மேடையின் கிழக்குப் பாதியை அறுவடைக் காலத்தில் நெல் காயவைக்க விடுவதாகக் குறிப்பு எழுதினேன். பிளாட்பாரத்தில் களமா, ஆடிட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று தனபால் சாருக்கு வியர்த்தது. 'களம்' என்பதை அடித்துவிட்டு 'பொதுப் பயன்பாட்டுக்கான உபரித் தளம்' என்று எழுதிக் கொடுத்தேன். உடனே கையெழுத்துப் போட்டார். அதைப் படித்துக் காட்டியதும் ராசாத்தி சாட்சிக்குச் சம்மதித்தார்.

3. பதினோரு மணி வண்டி

நீதிபதி நேரில் பார்வையிட வந்தார். நல்ல வெயில். தண்டவாளத்தில் கிடந்த வைக்கோல் மேலேயே வந்து நின்றார். கம்பெனி வக்கீல் சார்ட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, தினமும் பதினோரு மணிக்கு இந்த இடத்தில் ஒரு கூட்ஸ் நிற்கும் என்றார். நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று பத்து. நீங்கள் அந்த வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா என்று ராசாத்தியைக் கேட்டார்.

"இல்லீங்கய்யா. அப்படி ஒண்ணு இருந்தா, நீங்க நிக்கிற எடத்துலதான் அது நிக்கணும்."

நீதிபதி வைக்கோலை விட்டு ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டார். கம்பெனி வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்டவாளத்தில் வைக்கோல் போடுவது குற்றம், இவர்களை எல்லாம் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றார். தனபால் சார் என்னை முறைத்தார்.

நீதிபதி நிதானமாகக் கேட்டார்: "இத்தனை வருஷமா வைக்கோல் கிடக்குது. பதினோரு மணி வண்டி டிரைவர் ஒரு நாளாவது புகார் கொடுத்திருக்காரா?"

புகார் கொடுக்க வேண்டுமானால் வண்டி வந்திருக்க வேண்டும். வக்கீல் சார்ட்டைச் சுருட்டினார். ஷரத்தும் எங்கள் பக்கம் தீர்ந்தது, உபரித் தளமும் தீர்ப்பில் ஏறியது. ராசாத்தி மேல் ஒரு வழக்கும் வரவில்லை.

முதல் வண்டி வந்த நாளும் குறுவை அறுப்பு நாள். விடிகாலையில் ஒரு தூறல் போட்டிருந்ததால் ஊர் நெல் முழுக்க மேடைக்கு வந்துவிட்டது. கிழக்குப் பாதி போதாமல் மேற்குப் பாதியும் நிறைந்திருந்தது. வண்டி வந்து நின்றது. வாசலில் எம்.எல்.ஏ., பின்னால் அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் பயணிகள். இறங்க இடமில்லை. தனபால் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

ராசாத்தி முன்னால் வந்தார். "செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, கால இழுத்து இழுத்து நடங்க. நெல்லயும் கிண்டிவிட்ட மாதிரி இருக்கும்."

எம்.எல்.ஏ. சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு யாருக்கு வேறு வழி? அத்தனை பேரும் வரிசையாகக் காலை இழுத்துக்கொண்டு போனார்கள். தனபால் சார் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இரண்டு தடவை போய்வந்தார். முதல் தடவை சரியாகக் கிண்டவில்லை என்று ராசாத்தி திருப்பி அனுப்பினார்.

கோப்பைப் படிப்பதற்கு முன்னால் அந்த நிலத்தில் யாருடைய பிழைப்பு கிடக்கிறது என்று பாருங்கள், பார்க்கப் போகும்போது செருப்பைக் கழற்றுங்கள் என்று இப்போது என் ஜூனியர்களுக்குச் சொல்வேன். காரணம் கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன். முதல் வண்டி வந்த மறுநாள் கொள்முதல் நிலையத்தில் ராசாத்தியின் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தவர், இவ்வளவு பதமாக எங்கே காயவைத்தாய் என்று கேட்டாராம். ஒரு ரயிலே இறங்கிக் கிண்டிவிட்டது என்று ராசாத்தி சொன்னதை அவர் நம்பவில்லை. மூட்டையை எடுத்துக்கொண்டார்.