கறையக்காவின் ஒப்புதல்

சலவை நிலையத்தில் உடன் வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கறையக்கா. துணி வாங்கும் மேசை அவளுடையது. எந்தச் சட்டையையும் அவள் அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டதில்லை. விளக்குக்கு நேரே விரித்துப் பிடிப்பாள். காலர், கைமடிப்பு, பையின் உள்பக்கம் என்று வரிசையாகப் பார்ப்பாள். "இந்த மைக்கறை முன்னாடியே இருக்கு, பாத்துக்கங்க. இங்க தையல் விட்டிருக்கு" என்று சொல்லி, வாடிக்கையாளர் தலையாட்டிய பிறகுதான் சீட்டு எழுதுவாள். நாளைக்கு வந்து யாரும் பழி சொல்ல முடியாது.

அந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்தாள். "கத்துக்கிட்டா நிரந்தரம்" என்றார்கள். கற்றுக்கொண்டாள். அடுத்த வருடம் என்றார்கள்; அதற்கும் அடுத்த வருடம் என்றார்கள். கடைசியில் அவளே வேலை சொல்லிக்கொடுத்த ஒருத்திக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு, இவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து, கற்றுத் தருகிறேன் வா என்று எவர் அழைத்தாலும், சம்பளமில்லாமல் உழைக்க வா என்றே அவள் காதில் விழுந்தது.

இப்படிப்பட்டவளுடைய மகள், பதினோராம் வகுப்பு முடிந்த கையோடு, விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போகவேண்டும் என்று ஆய்வகங்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முதலில் எல்லோருக்கும் ஒரே கடிதம். மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், எனக்கு அறிவியலில் மிகுந்த ஆர்வம் உண்டு என்று தொடங்கும். ஒருவரும் பதில் போடவில்லை. ஒரே ஒரு இடத்திலிருந்து, வழிகாட்டுவதற்கு முன்பணம் கட்டவேண்டும் என்று வந்தது. "பாத்தியா? வேலையும் நாம செய்யணும், காசும் நாம குடுக்கணும்" என்று கறையக்கா வெற்றிக்களிப்போடு சொன்னாள்.

பிறகு மகள் கடிதத்தை மாற்றினாள். ஊருக்குள் தண்ணீர்ப் பரிசோதனை நிலையம் நடத்தும் ஒரு வேதியியல்காரப் பெண்மணிக்கு, தன்னைப் பற்றிய பெருமை எதுவும் இல்லாமல் ஒரு சந்தேகத்தை எழுதினாள். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் சில காலைகளில் பால்போல வருகிறது. கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து மேலாகத் தெளிகிறது. மண்ணாக இருந்தால் மேலிருந்துதானே தெளியவேண்டும்? இதைச் சோதித்துப் பார்க்க உங்களிடம் கற்றுக்கொள்ளலாமா?

அன்றைக்கே பதில் வந்துவிட்டது. வா, வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்து வா. இதோடு இணைத்திருக்கும் ஒப்புதல் தாளில் அவர் கையெழுத்து வேண்டும்.

கறையக்கா அந்தப் பதிலை இரண்டு தடவை படித்தாள். "இத்தனை பேரு வாயே தொறக்கல. இவ மட்டும் எதுக்கு ஓடி வந்து பதில் போடறா?"

"நல்லவங்களா இருக்கலாம்ல, ம்மா?"

"நல்லவங்களுக்கு இவ்வளவு நேரம் எங்கடி கெடைக்குது?"

லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "உன்கிட்ட கடவுளே வந்து வரம் தர்றேன்னாலும், ஐடி கார்டு எங்கன்னு கேப்ப."

"கேக்காம? கையெழுத்துப் போடப்போறது நான். நீங்க பாட்டுக்கு மேலயும் கீழயும் போய்ட்டு வருவீங்க."

மகளுக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு நல்ல பதில். அதுவும் அம்மாவின் கையில் இருந்தது.

பரிசோதனை நிலையம் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கறையக்கா படியேறும்போதே நோட்டம் விடத் தொடங்கினாள். வேலை செய்பவர்களில் பெண்கள் உண்டா? உண்டு, ஒருத்தி. வெளியிலிருந்து அறைக்குள் பார்க்கும்படி கண்ணாடி இருக்கிறதா? இருக்கிறது, அழுக்காக. சுவரில் சான்றிதழ்? இருந்தது, காலாவதி நாள் வரை படித்தாள்.

வேதியியல்காரர் நரைத்த முடியைக் கொண்டையாக முடிந்து பேனாவைச் செருகியிருந்தார். அவர் கறையக்காவைப் பார்த்த பார்வையும் அவ்வளவு நம்பிக்கையான பார்வை அல்ல.

"அந்த மெயிலை யாரும்மா எழுதினது? நீங்களா?"

"நானா? நான் எதுக்கு எழுதறேன்?"

"போன வருஷம் ஒரு அப்பா அழகா எழுதி அனுப்பினார். பையன் வந்து ரெண்டு நாள் போன் பாத்துட்டு, மூணாம் நாள் சர்ட்டிஃபிகேட் கேட்டான். அதான் பெரியவங்களையும் வரச் சொன்னேன்."

ஓகோ, சந்தேகம் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று கறையக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து அவள் வாயிலிருந்து வந்தது, துணி வாங்கும் மேசைக்குப் பின்னால் நின்று பழகிய வாயின் குற்றம்.

"இங்க பாருங்க மேடம், முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் நாங்க பொறுப்பில்ல. இவ காலைல எழுந்திரிக்க மாட்டா. ஒரு வேலை சொன்னா எதுக்குன்னு நாலு கேள்வி கேப்பா. எதிர்த்துப் பேசுவா. கணக்குல போன பரீட்சையில சறுக்கிட்டா. வீட்ல கண்ணாடி ஜாடி ஒண்ணை உடைச்சிருக்கா. எல்லாம் ஏற்கெனவே உள்ளது. பாத்துக்கங்க."

சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தாள். மகளின் முகம் செத்துவிட்டது. பெற்ற தாயே இப்படிக் குழி தோண்டினால் அவள் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வாள்?

வேதியியல்காரர் அம்மாவை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "இதுல எது பொய்?"

"ஜாடி மட்டும். அது அப்பா உடைச்சது."

"மத்ததெல்லாம்?"

"...உண்மைதான்."

அவர் கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். "சரி. எதுக்குன்னு கேக்கறவன்னா, மெயில்ல இருந்த அந்தக் கேள்வியும் இவளோடதுதான் போல."

ஆனால் கறையக்கா எழுந்துகொள்ளவில்லை. "உங்களுக்கு இதுல என்ன லாபம் மேடம்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"அம்மா!"

"நீ சும்மா இருடி."

வேதியியல்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கிட்ட ரெண்டு பேர் வேலை பாக்கறாங்க. தண்ணியை அளக்கற மீட்டர் என்ன காட்டுதோ அதை எழுதிட்டுப் போயிடுவாங்க. ஏன் இப்படிக் காட்டுதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. எனக்கும் வயசாகுது, என் கண்ணுக்குத் தப்பிப் போறது நெறைய. பக்கத்துல நின்னு எதுக்கு எதுக்குன்னு நச்சரிக்க ஒரு ஆள் வேணும். சம்பளம் கிடையாது. சத்தமும் போடுவேன். மத்தியானம் ரூம் கொதிக்கும்."

லாபமே இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் கறையக்கா அப்போதே மகளை இழுத்துக்கொண்டு இறங்கியிருப்பாள். லாபம் இன்னது என்று சொன்னதால் பாதி மூச்சு வந்தது. மீதிப் பாதிக்காக, ஒப்புதல் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "நாளைக்கு ஒரு நாள் வரட்டும். சாயங்காலம் கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு சொல்றேன்."

மறுநாள் வேலை முடிந்து அவள் வந்தபோது மகள் டயர்க் கடை வாசலில் நின்றிருந்தாள். விரல்நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. கறையக்காவின் கண்ணுக்கு அது போதும்.

"என்ன பண்ணின?"

"பாட்டில் கழுவினேன்."

"காலைலேர்ந்தா?"

"ஆமா."

கறையக்காவுக்குக் காது இரண்டும் சூடேறின. அதே கதை. இங்கே பெட்டிக்குப் பதில் பாட்டில், அவ்வளவுதான். "வா போலாம். ரெண்டு மாசம் உன்னை இப்படியே கழுவ வச்சு அனுப்பிடுவா."

மகள் நகரவில்லை. "கழுவினதுல பாதியைத் திருப்பிக் குடுத்துட்டாங்கம்மா. எதுக்குன்னு கேட்டேன்."

"கேட்டியா?"

"கேட்டேன். நான் கழுவின ஒரு பாட்டில்ல சுத்தமான தண்ணியை ஊத்தி மீட்டர்ல வச்சாங்க. சோப்பு மிச்சம் இருந்ததால நம்பர் எகிறிடுச்சு. நீ கழுவினது சரியில்லன்னா, யார் வீட்டுத் தண்ணியோ கெட்டதுன்னு நான் எழுதிக் குடுத்துடுவேன்னாங்க. அப்புறம் ஒவ்வொண்ணையும் நானே மீட்டர்ல வச்சுப் பாத்துப் பாத்துக் கழுவினேன்."

"நம்ம வீட்டுத் தண்ணி?"

"காத்துதானாம். குழாய்க்குள்ள அழுத்தத்துல கரைஞ்சு வர்ற காத்து. குமிழி மேல ஏறிப் போறதால அடியிலேர்ந்து தெளியுது. ஆனா அவங்க சொன்னாங்கன்னு நம்பிடக் கூடாதாம். நாளைக்குக் காலைல டம்ளர்ல பிடிச்சுப் பாரு, குமிழி ஏறுதான்னு பாத்துட்டு நம்புன்னாங்க."

கறையக்கா படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள். தன்னையே நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கும் ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை. இதுவும் ஒரு வித்தையாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. மருந்துக் கம்பெனியில் அவள் ஒருமுறைகூட எதுக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

படியேறிப் போய், தாளை மேசைமேல் விரித்தாள். கையெழுத்துப் போட்டாள். அதற்குமேல், ஒரு வாரத்துக்கு மட்டும் என்று தன் கையாலேயே எழுதினாள்.

வேதியியல்காரர் படித்துப் பார்த்தார். "ஒரு வாரம் முடிஞ்சதும்?"

"மறுபடி வருவேன். பாத்துட்டுப் போடறேன்."

"வாங்க" என்று அவர் தாளை வாங்கிக்கொண்டார்.

கீழே இறங்கும்போது மகள் நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்புவாய் என்று கேட்டாள்.