நிமிடத்துக்கு இருபத்தெட்டு

யாருடைய மூச்சை எண்ணுகிறோமோ அவருக்கு அது தெரியக்கூடாது. தெரிந்தால் மூச்சு தானாக மாறிவிடும். அதனால் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின்மேல் வைத்திருக்க வேண்டும். இதை யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. வார்டு உதவியாளராகப் பதினொரு வருடம் படுக்கை விரிப்பு மாற்றி, மலப்பாத்திரம் கழுவி, நர்ஸுகளின் கண் போகும் இடத்தைக் கவனித்துக் கவனித்துத் தானாக வந்தது. வந்த பிறகு விட்டுத்தொலைக்க முடியவில்லை. பேருந்தில் தூங்குகிறவர், தையல் மெஷின்மேல் குனிந்திருக்கும் புருஷன், ஒருவரும் தப்புவதில்லை. நொடி முள் பளிச்சென்று தெரியவேண்டும் என்று ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச் ஒன்றை வாங்கிக் கட்டியிருந்தாள். வார்டில் அவள் பெயரே கடிகாரக்கா.

நேர்காணலுக்குக் கிளம்பும்போது அந்த வாட்சை மகள்தான் கழற்றி வைத்தாள்.

"வாரு பிஞ்சு தொங்குதும்மா. இதோட போனா, பாவம்னுதான் சீட் குடுப்பாங்க."

"பாவம்னு குடுத்தாலும் வாங்கிக்கறேன்டி," என்றாள் அவள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மருத்துவமனைக் கடைநிலை ஊழியர்களை நர்ஸ் படிப்புக்கு அனுப்புகிற அறக்கட்டளை அது. மூன்று வருடக் கட்டணத்தோடு வீட்டுச் செலவுக்கும் கொடுப்பார்கள். ஒரே நிபந்தனை, வயது நாற்பதைத் தொட்டிருக்கக் கூடாது. அவளுக்கு அதற்கு இன்னும் இரண்டு மாதம்தான். இந்த முறை நழுவினால் ஆயுசுக்கும் மலப்பாத்திரம்தான்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறிப்போய் வெளி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. புடவையில் துடைத்தால் கறை தெரியுமோ என்று அது வேறு பயம்.

உள்ளே மூன்று பேர். ஓரத்தில் ஓய்வுபெற்ற நர்ஸிங் ஆசிரியை, மறு ஓரத்தில் அறக்கட்டளை அலுவலகப் பெண், நடுவில் தலைவர், பருத்த மனிதர். அவர் தலைக்குமேல் சுவரில் ஒரு கடிகாரம்.

"இந்த வயசுல... எதுக்கும்மா... படிப்பு?" என்று கேட்டார் தலைவர்.

கேள்விக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். அவ்வளவுதான், அவள் கண் அவர் சட்டைப் பொத்தானுக்குப் போனது, அங்கிருந்து கடிகாரத்துக்கு, மறுபடி பொத்தானுக்கு. வாய் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மனப்பாடம் செய்துவந்த பதில்தான், பாதியில் அறுந்துபோனது. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு.

அவர் முகம் சுளித்துக் காகிதத்தில் எதையோ எழுதினார்.

"அவசரமா போகணுமா? வந்ததுலேருந்து... மணியையே பாக்கறீங்க."

மன்னிப்புக் கேட்டுவிட்டால் தப்பிக்கலாம். உண்மையைச் சொன்னால், வார்டு ஆயா நமக்கு வைத்தியம் பார்க்கிறாளா என்று தோன்றாதா? ஆனால் போன வருடம் ஏழாம் படுக்கைக்காரருக்கு இதேபோல முப்பது எண்ணியிருந்தாள். நர்ஸ் அவசரத்தில் இருந்தார். இது நம் வேலையில்லை என்று அவள் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் அந்தப் படுக்கை காலியானது. விரிப்பை மாற்றியதும் அவள்தான்.

"மணி பாக்கல சார். உங்க மூச்ச எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபத்தெட்டு இருக்கு. இருபதத் தாண்டினாலே சரியில்ல சார்."

அலுவலகப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

தலைவர் சிரித்தார். "மூணு மாடி... ஏறி வந்தேன்ல?"

"எனக்கு முன்னாடி நாலு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க சார். நீங்க ஏறி வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

ஆசிரியை நாற்காலியை நகர்த்திக்கொண்டு தலைவர் பக்கம் போனார். "கையக் குடுங்க, நாடி பாக்கறேன்," என்று மணிக்கட்டைப் பிடித்தார். ஆசிரியையின் கண் எங்கே இருக்கிறது என்று இவள் பார்த்தாள். நெஞ்சின்மேல்.

"நீங்க போகலாம்மா," என்றார் ஆசிரியை, தலையைத் திருப்பாமல்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மகளின் முகம் வாடியது. புருஷன்தான் மெஷினை நிறுத்திவிட்டு, "பரீட்சை எழுதப் போன இடத்துல வாத்தியாருக்கே மார்க் போட்டுட்டு வந்திருக்கே," என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தபால்காரரோ என்று எழுந்துபோய்ப் பார்த்தாள். முதன்முறையாக யார் மூச்சையும் அவள் எண்ணவில்லை. வாட்ச் அலமாரியிலேயே கிடந்தது.

கடிதத்தை மகள்தான் பிரித்தாள். பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

இரண்டாம் வருடப் படிப்பில், வார்டுப் பயிற்சி பார்க்க வந்த அதே ஆசிரியை சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. தலைவர் அவளுக்குப் போட்டிருந்தது பூஜ்யம். பக்கத்தில், 'ஆர்வமில்லை, கடிகாரத்தையே பார்க்கிறார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். நேர்காணல் நடந்த அன்று மத்தியானமே அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள், நுரையீரலில் நீர். மதிப்பெண்ணை மாற்றவேண்டும் என்று படுக்கையிலிருந்தே இரண்டு தடவை ஆள் அனுப்பினாராம். கையெழுத்திட்ட தாளைத் திருத்த விதியில் இடமில்லை என்று அலுவலகப் பெண் மறுத்துவிட்டாள். மற்ற இருவர் போட்ட மதிப்பெண்ணில்தான், ஒரே ஒரு மார்க் வித்தியாசத்தில், அவள் உள்ளே வந்திருந்தாள்.