அத்தையின் பல்லுக்குக் காவல்

"...ஒட்டவே கூடாதாம்டி. உதடு மூடியிருக்கணும், உள்ள மேல் பல்லும் கீழ்ப் பல்லும் விலகியிருக்கணும். நான் கடிக்கிறதப் பாத்தா நீ உடனே சொல்லணும், என்ன?" என்றாள் அத்தை. ஆவடியில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் சேக்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது.

அத்தை, அப்பாவின் தங்கை. மாமாவோடு சண்டை போட்டுக்கொண்டு, திருவேற்காட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். என் அறையில்தான் படுத்தாள். அவள் வந்த வாரமே அந்த அறையிலிருந்து நறநறவென்று சத்தம் வருவதை அம்மா கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "புள்ள வயித்துல பூச்சி கீது. வேப்பங்கொழுந்த அரைச்சு குடு, ஓடிப் பூடும்."

பெரியவர்களும் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? மூன்று நாள் நான் குடித்தேன். சத்தம் நிற்கவில்லை. நான்காம் நாள் இட்லி தின்றுகொண்டிருந்த அத்தையின் கடைவாய்ப் பல் ஓரம் உடைந்து கையில் வந்தது. இட்லிக்குப் பல் உடைந்தது உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

தூங்கும்போது மாட்டிக்கொள்ளப் பல்லுக்கு ஒரு உறை செய்துதர டாக்டர் அளவெடுத்தார். பகலுக்கு நான். "பல்லு போனா சொல்லு போச்சு, பாத்துக்கோ கண்ணு" என்று பக்கத்து வீட்டு அக்காவும் ஏற்றிவிட்டார்.

அரிசி களையும்போது அத்தை தன்னையறியாமல் பல்லைக் கடிப்பாள்; கன்னத்தில் சின்ன உருண்டை ஒன்று புடைக்கும். "அத்தை, பல்லு!" என்பேன். மறைந்துவிடும். மாமாவின் போன் வந்தால் மட்டும் மறையவே மறையாது. அவர் பேசுவார், பேசுவார். அத்தை "ம்" கூடச் சொல்ல மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாளைக்குக் கார் எட்த்துக்கினு வரேன். ரெடியா இரு, அவ்ளோதான்" என்றார் மாமா.

சரியென்று சொல்லச் சொல்லி அம்மா சைகை காட்டினாள். உருண்டை புடைத்தது. அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. என் வேலையை நான் செய்தேன்.

"அத்தை, பல்லு!"

அத்தை வாயைத் திறந்தாள். "நான் வரல" என்றாள்.

அம்மா பதறிப்போய் போனை அணைத்துவிட்டு, என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "உன்ன யாருடி நடுவுல பேசச் சொன்னது?" அத்தைதானே சொன்னாள்? பல்லைக் காப்பாற்றியதற்கா குட்டு? உள்ளே அம்மாவும் அப்பாவும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எது தப்பு என்று தெரியாமல், அழாமல், கதவோரம் நின்றேன்.

அத்தை என் முன்னால் வந்து மண்டியிட்டாள். என் இரண்டு கன்னங்களிலும், அவளுக்கு உருண்டை புடைக்கும் அதே இடத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"விடுடி, கண்ணு" என்றாள்.

எதை விடச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் மெல்லத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.