மூன்றரை அடி உயரத்து ஓட்டை

அந்தத் தூதரகத்தின் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் நடுவில் மரநிழலோடு இருந்த கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, பஸ் டிப்போவுக்கு அப்பால், தண்ணீர் வாங்கக்கூட ஒரு கடையில்லாத சாலையில் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய வாசலில் அம்புக்குறி போட்ட ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். அதையும் மழை தின்றுவிட்டது. விசாவுக்கு வருகிறவர்கள் அங்கே போய் முட்டிக்கொண்டு, அப்புறம்தான் இங்கே வந்து சேர்வார்கள். நாங்கள் மட்டும் நேராகப் போனோம். புதுக் கட்டடத்தின் கண்ணாடி அத்தனையும் என் அத்தான் போட்டது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அக்கா போய் மூன்று வருடம் ஆகிறது. அவருக்கு முப்பது வருடமாகக் கண்ணாடி வேலை. பேச்சு குறைவு, ஆனால் அளவு தப்பாது. டேப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, காதில் செருகிய பென்சிலை எடுத்துச் சுவரிலேயே எழுதிக்கொள்வார். விரல்களில் தழும்பில்லாத இடம் தேட வேண்டும்.

தூதரகம் இடம் மாறியபோது ஓர் ஒப்பந்தக்காரர் அவரை வேலைக்குக் கூட்டிப்போனார். விசா ஜன்னல்களில் பேசும் ஓட்டையை எந்த உயரத்தில் வைப்பது என்று அத்தான் கேட்டிருக்கிறார். வாய்க்கு நேராக என்றால் ஐந்தடி. கட்டடப் பொறுப்பாளர் மூன்றரை அடி போதும் என்றாராம்.

"நிமிர்ந்து நின்னா வாதாடுவாங்க. குனிஞ்சு பேசுறவன் சீக்கிரம் பேசி முடிச்சிட்டுப் போயிடுவான்."

அத்தான் மூன்றரை அடியிலேயே போட்டுவிட்டு வந்து, சாப்பிடும்போது இதைச் சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போது அவருடைய ஒரே மகள் அந்தத் தூதரகத்தின் நாட்டில் இருக்கிறாள். அடுத்த மாதம் இருபதாம் தேதி அவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. "மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பாத்துடணும்பா" என்று போனில் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அத்தான் சரியாகத் தூங்கவில்லை.

மூன்றாம் நம்பர் ஜன்னலில் அவரைக் கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறி இறங்கித் தேய்ந்த இடுப்பு அவருக்கு. ஒரு கையை முட்டியில் ஊன்றிக் குனிந்தார். உள்ளே இருந்த பெண் தலையைத் தூக்கவே இல்லை.

"எங்க வேலை பாக்குறீங்க?"

"கூப்பிடுற இடத்துலங்க. கண்ணாடி போடுறேன்."

"கூப்பிட்டதுக்கு ஏதாவது லெட்டர்?"

"கண்ணாடி உடைஞ்சா போன் பண்ணுவாங்க. லெட்டர் யாரும் போட மாட்டாங்கம்மா."

"அப்போ நீங்க திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்புறது?"

அத்தான் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "இதுவே நான் போட்டதுதாங்க."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

எங்கே இருக்கும்? காகிதமெல்லாம் ஒப்பந்தக்காரர் பேரில். அவரோ கடையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். நான் பஸ் கண்டக்டர், என் வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, பெத்த பொண்ணுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரி லெட்டர் கையில இருக்கே, அதையாவது படிங்க" என்று குரல் கொடுத்தேன். காவலாளி வந்து என் தோளில் கை வைத்தான். 'திரும்பி வருவதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை' என்ற துண்டுச்சீட்டோடு வெளியே வந்தோம். மகள் போன் செய்தபோது, "வேலை நடந்துட்டு இருக்கும்மா" என்று பொய் சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலை அத்தானின் போன் அடித்தது. கட்டடப் பொறுப்பாளர். விசா கிடைக்காத யாரோ ஒருவர் மூன்றாம் நம்பர் கண்ணாடியைக் குத்தி விரிசல் விட்டுவிட்டாராம். குத்தியவர் கைக்குத் தங்கக் காப்பே போடலாம் என்று நினைத்தேன்.

"போகாதீங்க அத்தான். அந்த ஜன்னல் மூடியே கிடக்கட்டும்."

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. போனில், "லெட்டர் குடுத்தா வரேங்க" என்றார். இந்த ஜன்னல்களைப் போட்டது தான்தான் என்றும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பரையும் பூட்டையும் தான் வந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதித் தர வேண்டும். அடுத்து வர வேண்டிய தேதியும் வேண்டும். பொறுப்பாளர் கத்தினார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். "பாருங்க" என்று சொல்லி அத்தான் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் அதே ஆள் மறுபடி கூப்பிட்டார். ஓட்டையோடு கண்ணாடிக்கு அளவெடுக்கத் தெரிந்தவன் அகப்படவில்லை போலிருக்கிறது.

கடிதத்தில் முத்திரை விழுந்த பிறகுதான் அத்தான் கருவிப்பெட்டியைத் திறந்தார். "உயரத்தை மாத்திடவா?" என்று அவர் கேட்டதற்கு, "பழைய அளவே இருக்கட்டும்" என்று பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்தது. பழைய அளவிலேயே போட்டார். எனக்கு அவர்மேலும் கோபம்தான்.

அடுத்த வாரம் அதே ஜன்னல், அதே பெண், புதுக் கண்ணாடி. அத்தான் குனிந்து கடிதத்தை உள்ளே தள்ளினார். தன் அலுவலகத்தின் முத்திரையை அவள் இரண்டு தடவை பார்த்தாள். முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"இந்தத் தேதிக்கு நீங்க வரலைன்னா?"

"ரப்பர் அதுவரைக்கும்தாங்க தாங்கும்."

உள்ளே யாரிடமோ போய்விட்டு வந்தாள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வந்து விசாவோடு பெற்றுக்கொள்ளலாம் என்றாள். இருபதாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அத்தான் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து விலகினார். அடுத்து வந்தவர் கைத்தடி ஊன்றிய பெரியவர். அவரால் குனிய முடியவில்லை. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, முட்டியை மெல்ல மடக்கித் தரையில் மண்டியிட்டு, ஓட்டைக்கு வாயைக் கொடுத்தார். அத்தான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். அத்தான் சட்டைப்பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்துப் பிரித்தார்.

"அந்த ஓட்டையை நான்தான் போட்டேன்னு இப்போ சீல் வச்சே குடுத்துட்டாங்க மச்சான்."

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தவர்களில் நானும் ஒருவன்.