அப்பா சுமந்த பால்குடம்

இன்று காலை கண்டியில் கோயிலுக்குள் நுழைந்ததும் பச்சைப் பால் வாசம் வந்தது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தின் வரிசை வீடுகள் கண்முன் நின்றன.

சிறுவயதில் எனக்கு வந்த காய்ச்சல் விட்டால் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். காய்ச்சல் விட்டது. திருவிழாவன்று அம்மாவுக்குக் கால் வீங்கி எழும்ப முடியவில்லை. நேர்த்தி தவறினால் பிள்ளைக்கு ஆகாதென்று சோறு தொடாமல் அழுதார். சாமியே இல்லையென்று லயம் முழுக்க வாதாடும் அப்பா, குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

“என்னண்ணே, சாமி வந்திருச்சா?” என்று தண்ணீர் பிடித்த பெண்கள் சிரித்தார்கள்.

“அது வரல புள்ள. இது போய்ச் சேந்தாத்தான் ஒங்கண்ணி சோறு திம்பா.”

திரும்பியதும் அம்மா கேட்டார்: “கும்பிட்டீங்களா?”

“இல்ல. ஒரு சொட்டும் சிந்தாம குடுத்துட்டேன். சாப்பிடு.”

அம்மா சாப்பிட்டார்.

நான் சாமி கும்பிடுகிறவள். ஆனால் அப்பாவை மன்னிக்கும்படி ஒருநாளும் சாமியிடம் கேட்டதில்லை.