ரிசப்ஷனில் திறந்து கிடந்த பெயர்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மோப்பம். யார் எந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை மணிக்கு நுழைந்தார்கள், எந்த நோயாளியின் ஃபைலைத் திறந்தார்கள் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. கேன்டீனில் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு தானாக வெயில் மழைக்குத் தாவிவிடும். லாகவுட் செய்யாமல் சாப்பிடப் போனதற்காக எனக்கு மெமோ வாங்கிக் கொடுத்த புண்ணியவான். மூன்றாம் மாடி நர்ஸான எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது, அதை மறைப்பானேன்.

இருபது வருடமாக அதே நாற்காலி. மனைவிக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. இந்த வேலை போனால் அவருக்கு வேறு போக்கிடமில்லை. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் எல்லாக் கம்ப்யூட்டரும் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்தவர் அவர்தான். ஆனால் கம்ப்யூட்டர், பிரிண்டர் பழுது பார்க்கவும் ஒரு நாளில் நாற்பது இடத்துக்கு ஓடுகிறவருக்கு, போகிற இடமெல்லாம் பாஸ்வேர்டு அடிக்க எரிச்சல். தன் ஐடிக்கு மட்டும் அந்தப் பூட்டை எடுத்துவிட்டிருந்தார். ஊருக்குத்தான் உபதேசம்.

அன்று காலை பத்தரைக்கு ஓர் ஆள் எங்கள் மாடிக்கு வந்து ஏழாம் அறைக் கதவைத் தட்டினான். உள்ளே படுத்திருந்தது அவன் மனைவி. அவன் அடித்துத்தான் அவளுக்கு விலா எலும்பு முறிந்திருந்தது. அவள் இங்கே இருப்பதை யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஃபைலிலேயே சிவப்பில் குறித்திருந்தோம்; ரிசப்ஷன் ஐடியில் அது திறக்கவும் திறக்காது. செக்யூரிட்டி வந்து அவனை வெளியேற்றியதும், அவளைப் பன்னிரண்டாம் அறைக்கு மாற்றினோம். மேட்ரன் மோப்பத்துக்குப் போன் போட்டார்.

"அவ ஃபைல இன்னிக்கு யார் யார் திறந்தாங்கன்னு அரை மணி நேரத்துல எனக்குத் தெரியணும்."

பிறகு நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். ஃபைலைத் திறந்தவர்கள் பட்டியலில் ஏழு வரிகள் வந்தன. ஆறு, டாக்டர்களும் நர்ஸுகளுமாகிய நாங்கள். ஏழாவது, ஒன்பது ஐம்பதுக்கு, ரிசப்ஷன் கம்ப்யூட்டரில். ஐடி அவருடையது.

ஒன்பதரைக்கு அங்கே பிரிண்டரைச் சரிசெய்யத் தன் ஐடியில் நுழைந்தவர், யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஒரு வரியை அழிக்கும் அதிகாரம் இந்த ஆஸ்பத்திரியிலேயே அவர் ஒருவருக்குத்தான் உண்டு. அழித்துவிட்டு ஆறு பேர்தான் என்று சொல்லிவிட்டால் பழி எங்களில் ஒருவர் தலையில் விழும். அந்த வரிமேல் கர்சரை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

அப்போது திரையில் எட்டாவது வரி விழுந்தது. பதினொன்று இருபது, அதே ரிசப்ஷன், அதே பெயர். அவர் தன் அறையில் உட்கார்ந்திருக்க, கீழே வேறொருவர் அவர் பெயரில் அவள் ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் புது அறை எண் இருந்தது.

உடனே எங்கள் வார்டுக்குப் போன் போட்டார். எடுத்தது நான்.

"சிஸ்டர், பன்னெண்டுல இருக்கிறவங்கள உடனே வேற எங்கயாவது கொண்டு போங்க. ஃபைல்ல எதுவும் ஏத்தாதீங்க."

"இப்பத்தானே சார் மாத்தினோம்?"

"அந்த நம்பரயும் பாத்துட்டாங்க."

"யாரு?"



"ஐடி என்னோடது. பூட்டாம வந்துட்டேன். நீங்க மொதல்ல அவங்கள மாத்துங்க."

அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் பின்பக்க லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. லிஃப்ட் கதவு மூடும்போது பார்த்தேன். பக்கவாட்டுப் படியில் ஏறி வந்த அவன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பன்னிரண்டாம் அறைக்கு நடந்தான்.

காலி அறையிலேயே அவனை மடக்கினார்கள். ரிசப்ஷனில் இருந்தவன் அவனுடைய சித்தப்பா மகன் என்பதும் அன்றே தெரிந்துபோயிற்று. சாயங்காலம் மோப்பம் எட்டு வரிகளையும் அச்சடித்து, தன் பெயருக்குக் கீழே தானே கோடு போட்டு, மேட்ரன் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். சாட்சிக்கு நானும் இருந்தேன். வேலை நிச்சயம் போகும் என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

மேட்ரன் ஒன்பது ஐம்பது வரிமேல் விரலை வைத்தார். "இந்த வரிய நீங்க எடுத்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா," என்றார் அவர். "அதாம்மா எனக்கு இன்னும் பயமா இருக்கு."