மாமா ஒட்டிய கறுப்புத் தாள்

மாமாவுக்கு அவருடைய பரங்கிப்பேட்டை நண்பர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேமரா அது. அதற்குரிய லென்ஸ் எங்கேயோ தொலைந்துபோய், வேறொரு நீளமான லென்ஸ் மாட்டியிருந்தது. அந்த மாதிரிக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஓரமாக இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஜன்னல் தொலைந்துபோன லென்ஸுக்கு அளவெடுத்தது. அதில் பார்த்தால் ஊரே தெரியும். படத்தில் நடுவில் நிற்பவர்கள் மட்டும் விழுவார்கள். மாமா எடுத்த முதல் சுருளில் எங்கள் குடும்பத்தில் பாதிப் பேரைக் காணோம்.

மாமா விடுகிற ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு என்னையும், தன் தங்கையான என் சித்தியையும் அழைத்துப் போனார். கேமராவின் முதுகைத் திறந்து, பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் டிரேசிங் பேப்பரை ஒட்டி, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டார். அந்தத் தாளில் மைதானம் தலைகீழாகத் தெரிந்தது. நான் பக்கவாட்டில் நடக்க வேண்டும். தாளிலிருந்து நான் மறைந்ததும் மாமா குரல் கொடுப்பார். அந்த இடத்தில் சித்தி ஒரு செங்கல்லை வைப்பாள். பிறகு செங்கற்களுக்கு உள்ளே இருப்பது மட்டும் ஜன்னலில் தெரியும்படி, கறுப்புத் தாளில் ஓட்டை வெட்டி அதன் முன்னால் ஒட்டினார். அதற்கப்புறம் அவர் பார்த்தது அப்படியே விழுந்தது. எனக்கு ஒன்பது வயது. அந்த அளவில் பாதி என்னுடையது என்று ஏகப்பட்ட பெருமை.

அந்தச் சமயத்தில்தான் சித்திக்குத் துபாயிலிருந்து வரன் வந்தது. அவள் தினமும் ரயிலில் சிதம்பரம் போய்க் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுதிவிடுகிறேனே என்று அழுதாள். படித்தது போதும் என்றார் தாத்தா. மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டால் அந்த மாதமே கல்யாணம். பரங்கிப்பேட்டை நண்பர் மறுநாள் விமானம் ஏறுகிறார். அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். ஸ்டுடியோவுக்கு வரமாட்டேன் என்று சித்தி பிடிவாதம் பிடித்தாள். ஹால் டிக்கெட் போட்டோவில் அவள் முறைத்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்தால் துபாயில் இருப்பவன் துபாயிலேயே இருந்துவிடுவான் என்று தாத்தாவே ஒதுக்கிவிட்டார். கடைசியில், கோயிலுக்குப் போவோம், குடும்பத்தோடு ஒரு படம், மாமாவே எடுக்கட்டும் என்று முடிவாயிற்று.

சிதம்பரத்தில் கீழக் கோபுரத்தின் முன்னால் வரிசையாக நின்றோம். நீள லென்ஸ் என்பதால் மாமா பூக்கடை வரை பின்னால் போனார். குறுக்கே வந்த சைக்கிள்களைத் தாத்தா கைகாட்டி நிறுத்தினார். எனக்கு அடுத்து, கோடியில் சித்தி, என் தோளில் கை வைத்தபடி.

“நீ இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு,” என்றார் மாமா, சித்தியிடம்.

சித்தி என் தோளிலிருந்து கையை எடுக்காமலே தள்ளி நின்றாள். மைதானத்தில் மாமா நின்ற அதே தூரம்தான்; செங்கல் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

“அங்க நின்னா சித்தி வுழ மாட்டாங்க மாமா.”

“கேமரா ஒங்கிட்ட இருக்குதா, எங்கிட்ட இருக்குதா? நேராப் பாரு.”

சாயங்காலம் படம் வந்தது. எல்லோரும் பளிச்சென்று இருந்தோம். சித்தி மட்டும் இல்லை. தாத்தா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

“லென்சு ஒன்னு, ஜன்னல் ஒன்னுப்பா. பாக்கும்போது ஜாஸ்தி தெரியுது, படத்துல கம்மியா வுழுது. நான் இன்னா பண்றது?” என்று மாமா கேமராவை நீட்டினார்.

தாத்தா ஜன்னலில் கண்ணை வைத்தார். கறுப்புத் தாள் அதில் இல்லை. நான் வாயைத் திறந்தேன். சித்தி அதில் ஒரு முறுக்கைத் திணித்தாள்.

நண்பர் வெறுங்கையோடு விமானம் ஏறினார். மாப்பிள்ளைக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் பெண் அமைந்தது. சித்தி பரீட்சை எழுதினாள். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. மாமா மேல்தான் கோபம். தங்கையையே படத்தில் பிடிக்கத் தெரியாதவன் என்று சொந்தக்காரர்கள் வருஷக்கணக்கில் கேலி செய்தார்கள். வீட்டு விசேஷங்களுக்கு வேறு ஆளை வைத்தார்கள். அவரோ சிரித்துக்கொண்டு பந்தியில் தண்ணீர் ஊற்றினார். வெயிலில் நடந்து நடந்து நான் கொடுத்த அளவை இப்படிப் பொய்யாக்கிவிட்டாரே என்று, கொஞ்ச நாள் அவரோடு பேசாமல்கூட இருந்தேன்.

அந்தப் படம் இப்போது சித்தி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நூலிழை பிசகாமல் எடுத்த படம். ஓரத்தில், என் தோள்மேல், அவளுடைய விரல்கள் மட்டும் விழுந்திருக்கின்றன. அன்றைக்கு அவை என் தோளை எவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தன என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஆடாமல் நிற்கச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.